தீர்ப்புக்குப் பின் வந்த தீர்ப்புகள்

நீதிமன்றக் கதையென்றால் நம் மக்களுக்கு ஒரு தனி விருப்பம் உண்டு. தோட்டத்து லயத்தில் இருப்பவராயினும் பட்டணத்துக் கடையில் கணக்கு எழுதுபவராயினும், கூண்டில் ஒருவன் நிற்க, இரு வழக்கறிஞர் எதிரெதிர் நின்று வாதாடும் காட்சி வந்துவிட்டால் இமை கொட்டாது பார்த்திருப்பர். அக்காட்சிகளில் பெரும்பாலானவற்றில் மெய் இன்னதென்பது பார்ப்போர்க்கு முன்பே தெரியும். நீதிபதி ஒருவர்க்கே தெரியாது. அவர்க்கும் அது தெரிய வருகின்ற இடத்திலே கதை முடியும். இம்முறைக்கு முற்றிலும் மாறாக, இறுதிவரை மெய்யைக் காட்டாமலே முடிந்த ஓர் அமெரிக்கப் படத்தைப் பற்றியும், அதனை அந்நாட்டார் எவ்வாறு ஏற்றனர், எதனைப் புகழ்ந்தனர், எதற்காகச் சினந்தனர், எதனைக் காணாமலே விட்டனர் என்பது பற்றியும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். படத்தின் பெயர் ‘அனாட்டமி ஆஃப் எ மர்டர்’; நம் மொழியில் ‘ஒரு கொலையின் உடற்கூறு’ என்னலாம். வெளிவந்த ஆண்டு 1959. இயக்கியவர் ஆஸ்திரிய நாட்டிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய ஆட்டோ பிரமிஞ்சர்.

கதையின் வேர் உண்மை நிகழ்ச்சி ஒன்றிலே கிடக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியின் கரையோரம், பிக் பே என்றொரு சிற்றூர் உண்டு. காடும் இரும்புச் சுரங்கமும் சூழ்ந்த பகுதி அது. 1952ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில், அவ்வூர் மதுக்கடையொன்றின் உரிமையாளரை இராணுவ லெப்டினன்ட் ஒருவர் பலர் பார்க்கச் சுட்டுக் கொன்றார். தம் மனைவியை அம்மனிதர் பலாத்காரம் செய்தார் என்பது அவர் கூறிய காரணம். சுட்டவர் போர் கண்டவர். அவ்வாண்டு செப்டம்பரில் மார்க்கெட் என்னும் நகரத்து நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சித்தம் தடுமாறிய நிலையில் செய்த செயல் என்று ஜூரிமார் அவரை விடுவித்தனர். (மார்க்கெட் என்பது ஊர்ப்பெயர், சந்தை என்று அன்பர்கள் கொள்ளற்க.)

எதிரிக்காக வாதாடிய வழக்கறிஞர் ஜான் வோல்க்கர். பல்லாண்டு அம்மாவட்டத்து அரசாங்க வழக்கறிஞராயிருந்து, 1950ஆம் ஆண்டுத் தேர்தலில் பதவியை இழந்தவர். தூண்டிற் கோலும் எழுதுகோலும் அவர்க்கு இரு கண்கள். ராபர்ட் டிரேவர் என்னும் புனைபெயரில் அவர் இவ்வழக்கை ஒரு நாவலாக்கி 1958ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டார். அதற்குச் சற்று முன், 1957இல், அவர் மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்றத்து நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டிருந்தார். உயர்ந்த நீதிபீடத்திலிருக்கும் ஒருவர் கொலைக்கதை எழுதினார் என்பதே மக்களுக்குப் பெரிய வியப்பு. நூல் மாதக்கணக்கில் விற்பனைப் பட்டியலின் தலைமையிலே நின்றது. நூலாசிரியர் வழக்கை உள்ளிருந்து அறிந்தவர். ஆயினும் அறிந்தது ஒரு கட்சியாரின் பக்கத்திலிருந்து. இதனை வாசகர்கள் நினைவிற் கொள்ளுதல் நன்று.

இனிப் படத்தின் கதை. பதவியிழந்த வழக்கறிஞர் பால் பீக்லர். சம்பளம் நிலுவையில் நிற்க அவரிடம் வேலை பார்க்கும் ஓர் அம்மையார். குடியினால் கெட்டுப்போன முதிய வழக்கறிஞர் ஒருவர். இவர்களிடம் வந்து சேர்கிறது லெப்டினன்ட் மேனியனின் வழக்கு. கொரியப் போரில் ஈடுபட்ட வீரன் அவன். மனைவி லாரா அடிபட்டு வீடு திரும்பி நடந்ததைச் சொன்ன உடனே அவன் சுடவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தே மதுக்கடைக்குச் சென்று சுட்டான். அந்த ஒரு மணி நேரமே வழக்கின் முடிச்சு.

சிறைக்கூடத்தில் பீக்லர் தம் கட்சிக்காரனுக்குச் சட்டப் பாடம் நடத்துகிறார். கொலை வழக்கில் தற்காப்பு வழிகள் சிலவே: அது கொலையே அன்று என்னலாம், நான் செய்யவில்லை என்னலாம், செய்தது சட்டப்படி முறையே என்னலாம், மன்னிக்கத்தக்கது என்னலாம். முதல் மூன்றும் உனக்கு உதவா என்று ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு, மன்னிக்கத்தக்கதற்கு உன்னிடம் என்ன காரணமுண்டு என்று வாய் திறவாமற் காத்திருக்கிறார். அவன் முதலில் சினம் என்கிறான். சினம் பற்றாது என்றறிந்ததும், அறிவு பேதலித்திருக்க வேண்டும் என்கிறான். பொய் சொல் என்று வழக்கறிஞர் ஓரிடத்தும் கூறவில்லை. ஆனால் எந்தச் சொல் உயிரைக் காக்கும் என்று கட்சிக்காரன் கற்றுக்கொண்டான். பின்னர் மாநிலத் தலைநகரிலிருந்து வந்த கூரிய அறிவுடைய வழக்கறிஞர் டான்சரோடு பீக்லர் மோதுவதும், 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைப் பழைய நூல்களில் தேடிப் பிடிப்பதும், லெப்டினன்ட் விடுதலையாவதும் நிகழ்கின்றன. மறுநாள் கூலிக்கான உறுதிச்சீட்டில் கையொப்பம் வாங்கச் சென்றால், கணவனும் மனைவியும் ஊரை விட்டே போய்விட்டனர். அடக்க முடியாத உந்துதலால் புறப்பட்டுவிட்டதாக ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கிடக்கிறது. எந்தச் சொல்லால் தப்பினானோ அந்தச் சொல்லாலேயே தன் வழக்கறிஞரைக் கேலி செய்து போனான்.

லாரா சொன்னது மெய்யா? லெப்டினன்ட் சித்தம் தடுமாறியா சுட்டான்? படம் ஓரிடத்தும் நடந்ததைத் திரும்பக் காட்டுவதில்லை. ஜூரிமார் கேட்டதையே நாமும் கேட்கிறோம்.

நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் விமரிசகர் பாஸ்லி கிரௌதர், அக்காலத்தில் அமெரிக்கத் திரைப்பட விமரிசகர்களுள் பெருஞ் செல்வாக்குடையவர். வரம்பு கடந்து அறிவுக்கும் சட்டத்துக்கும் பொருந்தாது நடக்கும் நீதிமன்றப் படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்த தமக்கு, மெய்ந்நடப்பை விட்டு விலகாத ஒரு படம் கிடைத்தது என்னும் கருத்துப்பட 1959 ஜூலைத் தொடக்கத்தில் அவர் எழுதினார். தாம் கண்ட நீதிமன்றப் படங்களுள் இதுவே சிறந்தது என்றார். 2 மணி 40 நிமிடம் ஓடுவதால் இடையிடையே சற்றுக் களைப்புத் தட்டுகிறது என்ற குறையொன்றே அவர்க்குப் பட்டது. அமெரிக்க நீதிமன்றம் இயங்கும் விதத்தையும், சிற்றூர் மாந்தரையும், குற்றங்களுக்கு இயல்பாயுள்ள கீழ்மையையும் பழுதின்றிக் காட்டியதாகப் பாராட்டினார்.

இப்புகழுரையை நாம் மறுக்கவில்லை. படம் பிடிக்கப்பட்டது மெய்யான வழக்கு நடந்த அதே நீதிமன்றக் கட்டடத்தில். 1959 மார்ச்சு முதல் மே வரை நடிகர் குழு அவ்வட்டாரத்திலேயே தங்கிற்று. நீதிபதியாக நடித்தவர் நடிகரே அல்லர். ஜோசப் வெல்ச் என்னும் பாஸ்டன் நகரத்து வழக்கறிஞர். 1954இல் செனட்டர் மக்கார்த்தி எவரைக் கண்டாலும் கம்யூனிஸ்டு என்று குற்றஞ்சாட்டி நாட்டை நடுங்கச் செய்தபோது, இராணுவத்தின் சார்பில் நின்று, உமக்கு நாணமென்பது சிறிதும் இல்லையா என்னும் பொருளில் தொலைக்காட்சியின் முன் அவரைக் கேட்டவர் இவரே. இத்தகைய ஏற்பாடுகளால் படம் மெய்போலத் தோன்றியதில் வியப்பில்லை. ஆயினும், மெய்போலத் தோன்றுவதும் மெய்யை ஆராய்வதும் ஒன்றல்ல. நீதிமன்றம் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கிரௌதர் கண்டார். அவ்வியக்கத்தினிடையே அகப்பட்ட மனிதர்க்கு என்ன நேர்ந்தது என்பதில் அவர் நெடிது நிற்கவில்லை.

பொதுமக்களின் பூசலோ வேறொன்றைப் பற்றியதாயிருந்தது. பலாத்காரம், கருத்தடைச் சாதனம், உள்ளாடை முதலிய சொற்களை இப்படத்தின் பாத்திரங்கள் மறைப்பின்றிக் கூறினர். அதுவரை அமெரிக்கத் திரையில் கேளாத சொற்கள் அவை. சிக்காகோ நகரத்தில் படங்களைத் தணிக்கை செய்யும் அதிகாரம் போலீசார் கையில் இருந்தது. அவர்கள் சொற்களை வெட்டினாலன்றி அநுமதி இல்லை என்றனர். பிரமிஞ்சர் வெட்ட மறுத்தார். வழக்கு கூட்டரசு நீதிமன்றத்துக்குச் சென்றது. படத்தை முழுமையாக நோக்க வேண்டும். முழுமையாக நோக்கின் அது காமத்தைத் தூண்டுவதன்று என்று நீதிபதி மைனர் முடிவு கூறிப் படத்தை விடுவித்தார். நீதிமன்றத்தைப் பற்றிய படத்துக்கே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பீக்லராக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முதிய தந்தையார், இது அருவருப்பான படம், எவரும் பார்க்கற்க என்று தம் ஊர்ப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்ததாகவும் சொல்வதுண்டு. மகன் நடித்த படத்தைப் பார்க்காமலே விலக்கிய தகப்பனாரை நினைத்து நாம் சிரிக்கலாம். ஆனால் நம் ஊர்ப் பெரியவர்களும் இதிற் பின்வாங்கியவர்கள் அல்லர்.

இதில் ஒரு வேடிக்கை என்னவெனில், தணிக்கையாளர்க்குரிய விடையைப் படம் முன்னரே சொல்லி வைத்திருந்தது. உள்ளாடை என்ற சொல் நீதிமன்றத்தில் முதன்முறை எழும்போது, நீதிபதி வழக்கறிஞர்களை அருகழைத்து வேறு சொல் உண்டா என்று வினவுகிறார். இல்லை என்று கண்டதும் சபையோரை நோக்கி, இச்சொல்லைக் கேட்டு இப்போதே சிரித்துவிடுங்கள். ஒருவன் உயிர் போனதிலும் மற்றொருவன் சிறை செல்வதா என்பதிலும் சம்பந்தப்பட்ட பொருளில் நகைப்புக்கு இடமில்லை என்ற கருத்தில் எச்சரிக்கிறார். சிக்காகோ அதிகாரிகள் இக்காட்சியைப் பார்த்திருந்தும் உணர்ந்தாரில்லை. ஒரு பெண்ணுக்கு இழைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் கொடுமை அவர்களைச் சுடவில்லை. அதன் பெயரே சுட்டது.

பரிசுகளைப் பற்றிச் சுருக்கமாகக் கூறின் போதும். அகாதெமிப் பரிசுக்கு 7 பிரிவுகளில் முன்மொழியப்பட்டு ஒன்றும் கிடைக்காமற் போயிற்று. அது ‘பென்ஹர்’ படத்தின் ஆண்டு. வெனிஸ் நகரத்து விழாவில் சிறந்த நடிகர் பரிசு ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்தது. இசையமைத்தவர் கறுப்பினத்தவரான டியூக் எல்லிங்டன். பெரிய ஸ்டூடியோப் படமொன்றின் இசை முழுவதையும் கறுப்பினத்தார் ஒருவரிடம் ஒப்படைப்பது அந்நாட்களில் மிக அரிது.

பத்திரிகைகளும் போலீசாரும் பேசி ஓய்ந்த பின்னர், சட்டம் கற்பிப்போர் இப்படத்தைக் கையில் எடுத்தனர். அவர்களுக்கு உகந்தது அச்சிறைக்கூடப் பாடம். வழக்கறிஞர் சட்டத்தை விளக்கினாரா, சாட்சியத்தைச் செய்து கொடுத்தாரா? இவ்வினாவை மாணவர்முன் வைப்பதற்கு இதனினும் தெளிந்த காட்சி இல்லையென்று அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் பல தலைமுறையாக அதனைக் காட்டி வருகின்றனர். கலிபோர்னியாவின் சட்டப் பேராசிரியர் மைக்கேல் அசிமோவ், வழக்கு விசாரணையை மட்டுமே பொருளாகக் கொண்ட படங்களுள் இதுவே தலைசிறந்ததாகலாம் என்றார். 2008இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நீதிமன்றப் படங்களை வரிசைப்படுத்தியபோது இதற்கு 7ஆம் இடம் தந்தது.

அந்தப் பாடம் நம் நாட்டு நீதிமன்றத்தில் பலித்திருக்குமா? மிச்சிகனில் பீக்லர் கண்டெடுத்த 1886ஆம் ஆண்டுத் தீர்ப்பு, செய்வது தவறென்று ஒருவன் அறிந்திருந்தும் நோயினால் தன்னை அடக்க இயலாதிருந்தால் அவன் குற்றவாளியல்லன் என்றது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி வந்த 84ஆம் பிரிவோ, செயலின் தன்மையை அறியாதிருத்தல், அது தவறென்றோ சட்ட விரோதமென்றோ அறியாதிருத்தல் ஆகியவற்றையே ஏற்றது. அறிந்தும் அடக்க முடியவில்லை என்பதற்கு அதில் இடமில்லை. தன் செயலை அடக்கும் ஆற்றலை முற்றும் இழந்தவனையும் சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அப்பிரிவினுள் சேர்த்துக்கொண்டது. ஆகவே 1952இல் ஜோகூரிலோ ஈப்போவிலோ இதே லெப்டினன்ட் நின்றிருப்பின், அவன் வழக்கறிஞர் வேறு பாடம் நடத்தியிருக்க வேண்டும். ஜூரி முறையும் இப்போது இங்கில்லை. சிங்கப்பூர் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் மலேசியா 1995இலும் அதனை நீக்கிவிட்டன.

இனி, எவரும் அதிகம் பேசாத செய்திக்கு வருவோம். கூண்டில் நிற்பவன் போர்வீரன். நீதிமன்றத்தில் அவன் இராணுவ உடையில் தோன்றுகிறான். அவனுடைய போர்ப்பணி அவனுக்குப் பெருமையாகவே ஜூரிமார்முன் வைக்கப்படுகிறது. டான்சர் மட்டும் அதனை வேறு விதமாகத் தொடுகிறார். போரில் எத்தனைபேரைக் கொன்றாய் என்று வினவுகிறார். போர்முனையில் ஓயாத குண்டு மழையில் இருந்தபோது விபரீதமான மனநிலை ஏதேனும் வந்ததுண்டா என்று வினவுகிறார். அங்கிருந்து ஓடிவிட வேண்டுமென்ற உந்துதல் ஒன்றே வந்தது என்கிறான் லெப்டினன்ட். அத்தோடு அப்பேச்சு முடிகிறது. அரசாங்கத்துக்கு அது எதிரியை மடக்கும் வினா. எதிரிக்கு அது தப்பும் விடை. மனிதரைக் கொல்லப் பழகிய கை, ஊர் திரும்பிய பின் என்னாகிறது என்று இரு கட்சியாரும் கேட்கவில்லை. இராணுவ மனநோய் மருத்துவர் கூண்டேறி லெப்டினன்டின் நிலையை விளக்கும்போதுகூட, அக்காரணத்தை மனைவிக்கு நேர்ந்ததில் தேடுகிறாரே யன்றிப் போரில் தேடவில்லை.

அக்காலத்து விமரிசகர்களை இதற்காகக் குறைகூறுதல் எளிது, முறையாகாது. போரின் அதிர்ச்சியால் வரும் மனநோய் இன்ன பெயருடையதென்று அமெரிக்க மனநோய் மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் பதிந்ததே 1980இல்தான்; அதுவும் வியட்நாமிலிருந்து மீண்ட வீரர்கள் ஆண்டுக்கணக்கில் கிளர்ச்சி செய்த பின்னர். பெயரில்லாத நோயைத் திரையில் காண்பது எவ்வாறு? ஆயினும் அக்கூடத்திலேயே மெய்யான போர்வீரர் ஒருவர் நின்றிருந்தார். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானமோட்டியாக ஐரோப்பாவின்மீது 20 முறை பறந்தவர். படம் வெளிவந்த அதே 1959 ஜூலையில் விமானப்படைச் சேமப் பிரிவில் பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்தார். கண்ட போரைப் பற்றி வாய் திறவாதவர் அவர். அவரே போர்வீரனை விசாரிக்கும் வழக்கறிஞராக, அவன் கண்களை உற்று நோக்கி, உன்னிடம் என்ன காரணமுண்டு என்று வினவும் காட்சியை இன்று பார்க்கும்போது, 1959இல் பார்த்தோர்க்குத் தோன்றாத ஒரு நிழல் நமக்குத் தோன்றுகிறது. இது நம் கருத்தேயன்றிப் படத்தார் கருதியதென்று யாம் சாதிக்கவில்லை.

லாராவின் பொருட்டும் இதையே கூறலாம். வழக்கு நடக்கும் நாளெல்லாம் அவள் மூக்குக் கண்ணாடியணிந்து, தொப்பி வைத்து, உடலை மறைக்கும் உடையுடுத்தி அடக்கமாக வரவேண்டுமென்று பீக்லர் கட்டளையிடுகிறார். எதிர்த்தரப்பினர் அவள் குடித்ததையும், ஆடியதையும், முன்னொரு மணம் முறித்ததையும் எடுத்துப் பேசுகின்றனர். கணவனே அவள் சொல்லை நம்பாது ஜெபமாலையின்மேல் ஆணையிடச் செய்தான் என்பதும் வெளியாகிறது. இறந்தவனைக் கொன்றது யார் என்பதில் ஐயமே இல்லாத வழக்கில், நாட்கணக்கில் நிறுக்கப்பட்டது ஒரு பெண்ணின் நடை. அந்நாளைய பத்திரிகைகள் பல, லாராவாக நடித்த லீ ரெமிக்கின் அழகையும் கவர்ச்சியையும் எழுதித் தள்ளின. அக்கவர்ச்சியே அவளுக்கு எதிராகச் சாட்சியாக்கப்பட்டது என்பதைப் பிற்காலத்துப் பெண் எழுத்தாளர்களே எடுத்துக் காட்டினர். அதே மிச்சிகன் மாநிலம் 1974இல் ஒரு சட்டம் இயற்றிப் பலாத்கார வழக்குகளில் பெண்ணின் பழைய வாழ்வை நீதிமன்றத்தில் தோண்டுவதற்கு வரம்பு கட்டியது. அமெரிக்காவில் இத்துறையில் முழுமையாக எழுந்த முதற் சட்டம் அதுவென்பர்.

கடைசியாக ஒரு பிராது. நாவலிலும் படத்திலும் கொல்லப்பட்டவன் வாய் பேசுவதில்லை, பேச இயலாது. ஆனால் பிக் பேயில் மெய்யாகவே கொல்லப்பட்ட மனிதருக்குக் குடும்பம் ஒன்று இருந்தது. அவருடைய மனைவியாயிருந்தவரும் மகளும், நாவலின் பாத்திரங்கள் இரண்டில் உலகம் தங்களையே காண்கிறது, தங்கள் மானம் கெட்டது என்று புத்தகப் பதிப்பாளர்மீதும் படக் கம்பெனியார்மீதும் வழக்குத் தொடுத்தனர். 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. தள்ளியதற்குக் கூறிய நியாயங்களுள் ஒன்று கருதத்தக்கது: அவ்வம்மையாரை அறிந்த ஒருவர் நாவலைப் படித்தால், பாத்திரத்தை ஆசிரியர் இவ்வளவு இழிவாகப் படைத்ததே எவரும் அவரை இவரென்று கொள்ளாதிருக்கும்பொருட்டே எனக் கருதுவார் என்றது அந்நீதிமன்றம். படத்தைப் பற்றி எழுதிய விமரிசகர் எவரும் பெரிதாக எண்ணாத அத்தாயும் மகளும், அத்தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினர். நாவல் தொடர்ந்து விற்றது. படம் 2012இல் அமெரிக்க நாட்டின் பாதுகாக்கத்தக்க படங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.